என்னைக் கேட்டேளா?

இதில் முட்டாள் யார் என்று நீங்கள் தேடிக்கொண்டு போக வேண்டாம். நானே கையைத் தூக்கிவிடுகிறேன். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் டிராம் நிற்கும் இடத்தில், பட்டப்பகலில் தரையில் விழுந்து துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வலது கையைப் பிடித்து, அதில் என் அறைச் சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மடக்கி, பலம்கொண்ட மட்டும் அழுத்தியவன் நான். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று ஊரில் யாரோ சொன்னதை இருபத்துநான்கு வயது வரை சேதாரமில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். வலிப்பு நின்றது, தானாக, நிற்க வேண்டிய நேரத்தில். சுற்றி நின்றவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நானும் ஏதோ பெரிய டாக்டர் மாதிரி “காத்து வரட்டும், தள்ளுங்கோ” என்று அதிகாரம் செய்தேன். அவளுடைய அண்ணா ஓடிவந்து அவளைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உறைத்தது, என் சாவிக்கொத்தும் அதே வண்டியில் போய்க்கொண்டிருக்கிறது என்று.

சாயங்காலம் வரை பூட்டிய அறையின் வாசலில், கோட்டும் தொப்பியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். விசாரித்துக்கொண்டு அவளே வந்தாள். உள்ளங்கையில் கட்டு. முப்பது வயது இருக்கும். சாவிக்கொத்தை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

“இது உன்னோடதா?”

“ஆமாம். உங்க நல்லதுக்குத்தான்...”

“என்னைக் கேட்டியா?”

“நீங்க நினைவில்லாம இருந்தேள். எப்படிக் கேக்கறது?”

“இப்போ நினைவோடதானே இருக்கேன்? கேளு.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “கையில சாவி வைக்கலாமா?” என்று கேட்டேன்.

“கூடாது,” என்றாள். “போ, கதவைத் திற.”

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவளைக் கேட்காமல் இவ்வளவு எழுதுவதே குற்றம். பெயரையும் போட்டுவிட்டால் எங்கே இருந்தாலும் எழுந்து வந்துவிடுவாள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவள் ‘டைப் அக்கா’. அடுத்த வாரமே கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே ஜன்னலோரம் டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஒருநாள் மத்தியானம் டிபன் பாத்திரத்தை மூடிவிட்டு அவள் எனக்குத் தன் உள்ளங்கையைக் காட்டினாள். வரைபடம் மாதிரி தழும்புகள். “இது நீ. இது போரிபந்தர் ஸ்டேஷன்ல ஒரு டிக்கெட் கலெக்டர். இது எங்க மன்னியோட பாக்குவெட்டி.”

“பாக்குவெட்டியா!”

“இரும்புதானே? அவசரத்துக்கு அதான் அகப்பட்டுதாம். நல்லவேளை, அருவாமணை கைக்கு எட்டலை.” பிறகு கையை மூடிக்கொண்டாள். “வலிப்பு எனக்கு ஒரு தழும்பும் தரலை, அம்பி. எல்லாம் வைத்தியம் தந்தது.”

அவள் கோபம் கத்துகிற கோபம் இல்லை. கடிதத்தில் பிழை கண்டால் சிவப்புப் பென்சிலால் சுழிப்பாளே, அந்த மாதிரிக் கோபம். எதைக் கண்டாலும் சுழித்துவிடுவாள். ‘காக்காய் வலிப்பு’ என்ற சொல்லைக் கேட்டால் போதும். “காக்காய் என்ன பண்ணித்து? ஒரு மாசமா மொட்டைமாடிக் கைப்பிடியில பார்த்துண்டிருக்கேன். ஒரு காக்காயாவது விழுந்து துடிச்சதா? காக்காயை யாராவது கேட்டேளா?” என்பாள். உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் வலிப்பு வந்தால் இன்னும் விசேஷம். நம்மவர்கள் கையில் இரும்பைத் திணிப்பார்கள். வடக்கத்தியார், வலிப்புக்கு அவர்கள் வைத்த பேரைச் சொல்லி, ‘மிர்கீ, மிர்கீ’ என்று காலில் கிடக்கும் செருப்பைக் கழற்றி மூக்கில் வைப்பார்கள். இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கிக்கொண்டு வருவார். “தேசத்துக்குச் சுதந்திரம் வந்ததோ இல்லையோ, ஒத்துமை வந்துடுத்து அம்பி. மொத்த இந்தியாவும் என் மூஞ்சியில கூடியிருக்கு” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய முகமல்லவா.

வலிப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் வலது கட்டைவிரல் மட்டும் துள்ளும். பிறகு கை, பிறகு கன்னம், அப்புறம் நினைவு போகும். டைப் அடிக்கிறவர்களுக்கு வலது கட்டைவிரல் எங்கே இருக்கும்? இடைவெளிக் கட்டையின் மேல். ஆகவே எங்கள் கம்பெனியிலிருந்து போன கடிதங்களில் நடுநடுவே நீளமான வெற்றிடங்கள் இருக்கும். ‘தாமதத்துக்கு’ என்று ஒரு வார்த்தை, பிறகு ஒரு சாண் மைதானம், பிறகு ‘வருந்துகிறோம்’. தாமதம் என்பதைக் கண்ணால் காட்டியது எங்கள் கம்பெனி ஒன்றுதான்.

கட்டைவிரல் துள்ளியதும் அவள் பதறமாட்டாள். நாற்காலியிலிருந்து இறங்கி, ஒரு ஃபைலைத் தலைக்கு வைத்து, பக்கவாட்டில் படுத்துக்கொள்வாள். “அம்பி, கடியாரம்” என்பாள். அது என் உத்தியோகம். நிமிஷத்தைப் பார்க்க வேண்டும், யாரையும் பக்கத்தில் விடக்கூடாது, கையில் ஒன்றும் கொடுக்கக்கூடாது. எழுந்ததும் “எவ்வளவு?” என்பாள். நான் சொல்வேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட வார்த்தையிலிருந்து அடிப்பாள்.

இதில் ஆபீஸுக்கு என்ன குறைந்தது? ஆனால் மானேஜருக்குக் குறைந்தது. பார்வையாளர்கள் வரும் இடத்தில் இப்படி ஒரு காட்சி கௌரவம் இல்லையாம். கக்கூஸுக்கு அடுத்த இருட்டு அறைக்கு அவள் மேஜையை மாற்றச் சொன்னார். அவர் தினமும் மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவது எந்தக் கௌரவத்தில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று கேட்கவும் தைரியமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவினேன். சீவ வேண்டிய பென்சில்கூட அல்ல.

அவள்தான் கேட்டாள். “உத்தரவை எழுத்தில் கொடுங்கோ, சார்.”

ஆபீஸில் டைப்பிஸ்ட் அவள் ஒருத்திதான். ஆகவே அவர் சொல்லச் சொல்ல, தன்னை நாடு கடத்தும் உத்தரவை அவளே அடித்தாள். இரண்டு இடத்தில் அவருடைய இங்கிலீஷைத் திருத்தினாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு இருட்டு அறைக்குப் போனாள்.

எட்டு வருஷமாக மருந்து. முதலில் ப்ரோமைடு, பிறகு லூமினல். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் வலிப்பு அப்படியே இருக்க, தூக்கம் மட்டும் வளர்ந்தது. எழுத்துக்கட்டைகளின் மேலேயே தலை சாய்ந்துவிடும். இனி மாத்திரையால் ஆகாது என்று மாட்டுங்கா டாக்டர் கையை விரித்தார். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய ஒரு சர்ஜனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மண்டையைத் திறந்து, வலிப்பு கிளம்புகிற இடத்தை எடுத்துவிடுகிற வித்தை. தனக்கு இங்கே இது மூன்றாவது கேஸ் என்று சர்ஜன் சொன்னார். இரண்டாவது என்று நர்ஸ் என் காதில் சொன்னாள்.

அண்ணாவோடு துணைக்கு நானும் போயிருந்தேன். சர்ஜன் நல்லவர்தான். ஆனால் அவரும் நாற்காலியை அண்ணா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவளைப் பற்றி அண்ணாவிடம் விசாரித்தார்.

“சின்ன வயசில் தலையில் அடி பட்டிருக்கிறதா?”

“இல்லை, டாக்டர்,” என்றார் அண்ணா, ரயில்வே குமாஸ்தாவின் பணிவோடு. “கிரக தோஷம்தான்.”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சுழிக்கவில்லை.

சர்ஜன் ஒரு காகிதத்தில் மூளையை வரைந்தார். இடது பக்கத்தில் பழைய காயத்தின் வடு மாதிரி ஒன்று இருக்கலாம். வலிப்பு அங்கிருந்து கிளம்புகிறது. வலது கையை ஆட்டிவைக்கிற இடம் அதற்கு ஒட்டினாற்போல், ஒரு நெல் அகலத்தில் இருக்கிறது. அதிலும் கட்டைவிரலின் இடம்தான் மிக அருகில். நோயாளி விழித்திருக்கும்போதே திறந்து, மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு எது எது என்று பார்ப்பார். மூளைக்கு வலி தெரியாதாம். எல்லாவற்றையும் எடுத்தால் வலிப்பு அநேகமாகப் போய்விடும், ஆனால் கட்டைவிரலும் போகலாம். விரல் ஓரத்தை விட்டுவைத்தால் வலிப்பில் கொஞ்சம் மிஞ்சலாம். “எது வேண்டும்?” என்று அண்ணாவைக் கேட்டார்.

“எல்லாத்தையும் எடுத்துடுங்கோ, டாக்டர். அவ டைப் அடிச்சுத்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்லை. நாங்க பார்த்துக்கறோம்.”

சுழித்துவிட்டாள்.

“அண்ணா, தலை என்னோடது. விரல் என்னோடது. வலிப்பும் என்னோடது. உன்னோடது அந்தக் கிட்டிப்புள் மட்டும்தான்.”

அண்ணாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எனக்கு அப்போதுதான் தெரியும். அவளுக்கு ஒன்பது வயதில், வாசலில் அண்ணா அடித்த கிட்டிப்புள் அவள் இடது நெற்றியோரம் தைத்திருக்கிறது. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். ‘பிள்ளைக்குக் கெட்ட பேர் வரப்படாது’ என்று வீட்டில் அதை மூடி, மேலே கிரகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இருபது வருஷம் கிரகம் பழியைச் சுமந்தது. அவளை யாராவது கேட்டார்களா?

பிறகு இங்கிலீஷில் சர்ஜனிடம் சொன்னாள்: “வலிப்பு வந்தால் ஐந்து நிமிஷம் போகும். விரல் போனால் ஆயுசு முழுக்கப் போகும். விரலை விட்டுவிட்டு மிச்சத்தை எடுங்கள்.”

சர்ஜன் பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“ஆபரேஷன் நடக்கும்போது கையை மூடித் திற என்பேன். செய்வாயா?”

“கையை மூடித் திறக்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை, டாக்டர். டைப் அடிக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டார். காயத்துக்கு எட்டத்தில், துணி மறைப்புக்கு அந்தப் பக்கம், ஒரு முக்காலியில் சின்ன மெஷினை வைத்து வலது கையால் மட்டும் அடிக்கலாம் என்றார். ஒரு நிபந்தனை: அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் தலை அசையும். மண்டையைத் திறப்பதைவிட அவளுக்கு அதுதான் பெரிய ஆபரேஷன் என்று எனக்குத் தோன்றியது.

சம்மதப் பத்திரத்தில் தகப்பனார், புருஷன் அல்லது சகோதரன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா. அவள் தன் சம்மதத்தைத் தானே அடித்துக்கொண்டு வந்தாள், இரண்டு கார்பன் நகலோடு. விரலை விட்டுவைக்க வேண்டும் என்பது மூன்றாவது ஷரத்து. அண்ணாவின் கையெழுத்துக்குக் கீழே ‘சாட்சி’ என்று அடித்திருந்தாள்.

முதல்நாள் தலையை மழித்தார்கள். மன்னி தரையில் உட்கார்ந்து அழுதாள். “இன்னும் கழுத்துல தாலியே ஏறலை. அதுக்குள்ள மொட்டையா!” அக்கா, “மன்னி, அவா எடுக்கப்போறது மண்டை ஓடு. நீங்க மயிருக்கு அழறேள்” என்றாள்.

மெஷினைக் கொண்டுவருவது என் பொறுப்பு. ஆபீஸிலிருந்து சின்ன மெஷினை இரவல் வாங்கி, டிராமில் மடியில் வைத்து, குழந்தையைப்போல் கொண்டுபோய் நர்ஸிடம் சேர்த்தேன். உள்ளே வைத்தார்கள். கதவு மூடியது. அண்ணாவும் மன்னியும் நானும் வராந்தா பெஞ்சில்.

காலை பத்தரை மணி இருக்கும், உள்ளேயிருந்து சத்தம் தொடங்கியது. டக். டக், டக். ஒற்றைக் கைதான், ஆனால் அவள் கைதான். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் ஏதோ இடித்தது. தினம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவனுக்குத் தெரியும்: காகிதத்தின் மேல் விழுகிற எழுத்து மெத்தென்று விழும். இது தகரத்தில் கல் விழுவது மாதிரி விழுகிறது. ரோலரில் காகிதம் இல்லை.

காகிதம் எங்கே? என் கோட்டுப் பையில். இரண்டு வெள்ளைத் தாள், கசங்காமல், நான்காக மடித்து.

எழுந்தேன், உட்கார்ந்தேன். திறந்த மண்டையோடு ஒருத்தி படுத்திருக்கும் அறையின் கதவைத் தட்டி, ‘ஒரு நிமிஷம், பேப்பர்’ என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பென்சில் சீவிய அதே வீரன்தானே.

“தம்ப்!” என்று உள்ளே அவள் குரல், இங்கிலீஷில். மின்சாரம் கட்டைவிரலின் இடத்தைத் தொட்டிருக்கிறது. கூடவே இடைவெளிக் கட்டையின் மந்தமான சத்தம், தட் தட் தட் தட் என்று. மன்னி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி டக் டக். கோடு முடிந்து மணி அடிக்கும், நர்ஸ் லீவரைத் தள்ளுவாள், மறுபடி டக் டக். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று நின்றது.

எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று பேரும் கதவையே பார்த்தோம். வழக்கம்போல் கடியாரத்தைப் பார்த்தேன். அது என் உத்தியோகம். நாலு நிமிஷம். ஏழு. பதினொன்று. அண்ணா, “எடுத்துட்டாளா? விரலையும் எடுத்துட்டாளா?” என்று என்னைக் கேட்டார். என்னமோ நான் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. “நான்தான் சொன்னேன் எடுங்கோன்னு. நான்தானே சொன்னேன்” என்றார்.

டக்.

பிறகு வெகு நேரம் கழித்து இன்னொரு டக். தடுமாறிக்கொண்டு, குடித்தவன் நடை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. கடைசியில் ‘டிங்’ என்று மணி. அண்ணா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கிட்டிப்புள் அடித்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகையாக இருக்க வேண்டும்.

மெஷினை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். அடித்த பேப்பர் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். ஆஸ்பத்திரி ரிக்கார்டில் வைத்துக்கொண்டார்கள் என்றேன். நாக்கு கூசவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் மொட்டைத் தலையோடு மாடிப்படி இறங்கினாள். முதல் மாடி மாமி எங்கோ நல்ல காரியத்துக்குக் கிளம்பியவள், அவளைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சகுனம். அக்கா கதவைத் தட்டினாள். நான் பின்னால் நின்றேன், மன்னி வாங்கி வரச் சொன்ன தைலப் புட்டியோடு.

“மாமி, திருப்பதியில எடுத்துண்டு வந்தா கன்னத்துல போட்டுப்பேள். ஆஸ்பத்திரியில எடுத்தா கதவைச் சாத்துவேளா?”

“அதில்லைடி. பொம்மனாட்டி மொட்டைன்னா, ஒரு இதுவா இருக்கு...”

“எதுவா இருக்கு? எனக்குப் புருஷனே இல்லை. யாரைக் கொன்னுட்டு வந்தேன்?”

மாமிக்குப் பின்னால், உள் அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மாமியின் நாத்தனார். நாற்பது வயது, பதினாறில் மழித்த தலை. அவள் கூடத்துக்கு வந்தே நான் பார்த்ததில்லை. அக்காவின் தலையில் இருந்த தையலையே பார்த்தாள்.

அக்கா அவளைக் கேட்டாள். “என்னைக் கேட்டுண்டு எடுத்தா. உங்களைக் கேட்டாளா?”

அந்த அம்மாள் இல்லையென்று தலையசைத்தாள். அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக அதே படிக்கட்டில் ஏறி இறங்கிய ஒருத்தரும் கேட்டதில்லை; என்னையும் சேர்த்து. தைலப் புட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். என் பங்குக்கு அவ்வளவுதான் முடிந்தது.

பெரிய வலிப்புகள் நின்றுவிட்டன. எப்போதாவது கட்டைவிரல் மட்டும் தானாகத் துள்ளும். அவள் அதைத் தூக்கிப் பிடித்து, முறைத்து, “என்னைக் கேட்டியா?” என்பாள். துள்ளல் அடங்கும். பிடிமானம் கொஞ்சம் குறைந்திருந்தது. இடைவெளிக்கு இடது கட்டைவிரலைப் பழக்கிக்கொண்டாள். கடிதங்களில் மைதானம் போய்விட்டது.

ஆபீஸுக்குத் திரும்பிய அன்றே மேஜையை இருட்டு அறையிலிருந்து பழைய ஜன்னலோரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். ஒரு முனையை நான் பிடித்தேன். இந்தச் சரித்திரத்தில் என்னுடைய ஒரே வீரச் செயல். மானேஜர் வெளியே வந்தார். “யாரைக் கேட்டு இங்கே போட்டே?”

“யாரையும் கேக்கலை, சார்,” என்றாள். “எப்படி இருக்கு?”

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், அதே கிங்ஸ் சர்க்கிளில் டிராமுக்கு நின்றுகொண்டிருந்தோம். ஏதோ பேச்சில் ஆபரேஷன் வந்தது. அவளாக அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“நாலு மணி நேரம், அம்பி. இது என்ன, இப்போ என்ன, எங்கே தெரியறதுன்னு ஒரு மனுஷன் என்னை விடாம கேட்டார். ஒவ்வொண்ணுக்கும் நான் சொன்னப்புறம்தான் கையை நகர்த்தினார். பொறந்ததுலேருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.” டிராம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “அதுக்கு மண்டையைத் திறக்க வேண்டியிருந்தது, பாரு.”

இந்த மாதிரி நேரத்தில் உளறுவது என் சுபாவம். பதினொரு நிமிஷ மௌனத்துக்குப் பிறகு, தடுமாறித் தடுமாறி அவள் அடித்தாளே, அது என்னவாக இருக்கும் என்று நான் எத்தனையோ கற்பனை செய்திருந்தேன். ஸ்வாமி பேராக இருக்கலாம். அண்ணாவை மன்னித்துவிட்டதாக இருக்கலாம். பேப்பர் விஷயம் எனக்கும் என் கோட்டுப் பைக்கும் மட்டுமே தெரியும் என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னிக்கு உள்ளே அவ்வளவு நேரம் அடிச்சேளே, அந்தப் பேப்பர்ல என்னதான் அடிச்சேள்?”

“‘பேப்பர் எங்கே’ன்னு.”